நூற்றுத் தொண்ணூறு கிராம்

எங்கள் கம்பெனியின் கூரியர் பதிவேட்டில் 2009 பிப்ரவரி 18, புதன்கிழமைக்கு நேராக ஒரு வரி இருக்கிறது: ‘கவர் 1. சாம்பிள். வெளிநாடு. 190 கிராம்.’ அனுப்பியவர் என்ற கட்டம் காலி. கையெழுத்து வாட்ச்மேனுடையது. அந்தப் பதிவேட்டை ஐந்து வருடம் எழுதிவந்தவன் நான். அதில் அனுப்பியவர் பெயர் இல்லாத வரி இது ஒன்றுதான். அன்று நான் கப்பல் காகித வேலையாகத் தூத்துக்குடிக்குப் போயிருந்தேன். மறுநாள் வந்து கேட்டபோது, காலையில் வரும்போதே கவர் மேஜைமேல் ஒட்டித் தயாராக இருந்தது, எடை போட்டு ஏற்றிவிட்டேன் என்றார் வாட்ச்மேன்.

அந்தக் கவரை அனுப்பியவர் என்று நான் நினைக்கும் மனிதரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டோம். பெயர் எழுத வேண்டாம் என்று அவர் மனைவி கேட்டுக்கொண்டதால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். திருப்பூர் நெருப்பெரிச்சலில் இருந்த எங்கள் பனியன் கம்பெனியில் சாம்பிள் பிரிவு அவர் பொறுப்பு. எங்களிடம் துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியைப் பையர் என்போம்; அவர் ஒரு படமும் அளவுகளும் அனுப்புவார். அதைப் பார்த்து அட்டையில் வரைந்து, துணியை வெட்டி, தைக்க வைத்து, முதல் உருப்படியை அனுப்ப வேண்டும். அது பிடித்தால்தான் ஆர்டர்.

மாஸ்டர் பொங்கலூர்ப் பக்கத்துக்காரர். ஒல்லியான உடம்பு, கழுத்தில் எந்நேரமும் இன்ச் டேப். தைத்து முடித்த எதையும் தான் ஒரு நாள் போட்டுப் பார்க்காமல் வெளியே விடமாட்டார். துணி, சாயம் எல்லாவற்றுக்கும் லேப் என்கிற சோதனைக்கூடத்தில் சோதனை உண்டு, ரிப்போர்ட் வரும். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, உருப்படியை உடம்பில் மாட்டிக்கொள்வார்.

2004 மே மாதம், கத்திரி வெயிலில், பனி பெய்கிற ஊருக்கான உள்பனியன் ஒன்று வந்தது. முழுக்கை, கழுத்து வரை மூடியது. அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வெள்ளகோவிலில் ஒரு கல்யாணத்துக்கு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, அதே பஸ்ஸில் திரும்பி வந்தார். திங்கட்கிழமை காலை முதலாளியிடம் அவர் சொன்னது என் டைரியில் இருக்கிறது: “எல்லாஞ் செரிங்க. களுத்துக்குப் பின்னால லேபிளு மட்டும் பேசிக்கிட்டே வருதுங்க.” லேபிளை மாற்றினார்கள்.

பெண்களுக்கான நைட்டி வந்தால் அதையும் போடுவார். பேன்ட் சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு எதிரில் இருந்த டீக்கடைக்கு ஒருமுறை வந்துவிட்டார். கடைக்காரர், “ஏனுங் மாஸ்டர், பொண்ணு பாக்க வர்றாங்களா?” என்றார். மாஸ்டர் சிரிக்கவில்லை. “தோளு எறங்குதான்னு பாக்கறனுங்க. சக்கரை கொறச்சுப் போடுங்க” என்றார். கைக்குழந்தைச் சட்டை என்றால் முன்கையில் நுழைத்துக்கொள்வார். கையில் ஒரு குழந்தைச் சட்டையோடு அவர் நாள் முழுக்க அட்டை வெட்டுவதைப் பார்த்துப் பழகிவிட்ட எங்களுக்கு, புதிதாக வருகிறவர்கள் வாய் பிளப்பதுதான் வேடிக்கை.

போட்டுப் பார்த்துத் திருப்தி வந்தால் அவர் சொல்வது ஒரே சொல்: “மறந்துருச்சுங்க.” போட்டிருப்பதை உடம்பு மறந்துவிட்டது என்று அர்த்தம். அந்தச் சொல் வரும்வரை உருப்படி கூரியருக்குப் போகாது. முதலாளியே லேப் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “மாஸ்டருக்கு மறந்துச்சா?” என்றுதான் முதலில் கேட்பார்.

இது எல்லோருக்கும் பிடித்த குணம் என்று சொல்ல முடியாது. 2006 செப்டம்பரில் ஒரு சரக்கு பெட்டி கட்டி லாரியில் ஏறும் நேரத்தில், விலாவுக்குள் வைத்துத் தைத்த சலவைக் குறிப்புத் துணி அரிக்கிறது என்று லாரிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். பெட்டி பெட்டியாகப் பிரித்து, அதை ஒவ்வொன்றாக நறுக்கி எடுக்க டெய்லர்களுக்கு இரண்டு நாள் ஆனது. சாம்பிள் தைக்கும் ஜெபராணி அக்கா அன்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னது: “ஊரு ஒலகமெல்லாம் போடுது, ஒண்ணும் சொல்லல. இவுக ஒடம்பு மட்டும் என்ன பட்டாண்ணே?”

ஜெபராணி அக்கா சாத்தான்குளம் பக்கம். கணவர், கொழுந்தன், கொழுந்தன் மனைவி எல்லோருமே எங்கள் கம்பெனியின் மூன்றாவது லைனில் வேலை செய்தார்கள். லைன் என்பது வரிசையாகப் போட்ட தையல் மெஷின்களும் அதில் உட்காருகிறவர்களும். எங்களிடம் மூன்று லைன் இருந்தது. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ அறுபது பேர்.

2008 அக்டோபரில் வெளிநாட்டு ஆர்டர்கள் நிற்கத் தொடங்கின. எங்கள் கேட்டில் வருடக்கணக்காகத் தொங்கிய ‘டெய்லர்கள் தேவை’ போர்டை நவம்பர் 11 அன்று கழற்றினார்கள். அந்தச் சாலையில் எல்லாக் கேட்டிலும் ஒரே மாதிரி போர்டு தொங்கும். அந்த மாதக் கடைசியில் ஒன்றுகூட இல்லை. டிசம்பரில் எங்கள் முதல் லைன் நின்றது. பொங்கல் லீவு முடிந்து வந்தபோது இரண்டாவது லைனின் மெஷின்களுக்குப் பாலித்தீன் உறை போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பஸ் ஸ்டாண்டில் குக்கர், பாய், கட்டிவைத்த ஃபேன் இவற்றோடு தெற்கே போகிற பஸ்ஸுக்குக் குடும்பம் குடும்பமாக நிற்பார்கள். யாரும் யாரையும் எப்போது திரும்புவீர்கள் என்று கேட்பதில்லை.

மூன்றாவது லைனுக்குப் பிப்ரவரி பாதிவரை வேலை இருந்தது. அதற்குப் பிறகு ஒரே ஒரு நம்பிக்கைதான். விளையாட்டுத் துணி வாங்கும் ஒரு பையர் புது உருப்படி ஒன்றைக் கேட்டிருந்தார். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் நடுவில் நிற்காமல் அடுத்தடுத்துச் செய்கிற போட்டி இருக்கிறது, டிரையத்லான் என்று பெயர். மூன்றுக்கும் சேர்த்து ஒரே பனியன். கையில்லாதது, உடம்போடு ஒட்டுவது, தண்ணீரிலிருந்து எழுந்தவுடன் காய்வது. இந்த ஆர்டர் கிடைத்தால் மூன்றாவது லைன் ஆறு மாதம் ஓடும். கிடைக்காவிட்டால் அதற்கும் உறை.

பையரின் நிபந்தனை விசித்திரமாக இருந்தது. நீலகிரிச் சரிவில் ஒரு தேயிலை எஸ்டேட் ஏரியில் பிப்ரவரி 15, ஞாயிறு அன்று அப்படியொரு போட்டி நடக்கிறது. பையரின் ஆளாக ஒரு அம்மணி நேரில் வருகிறார். ஆர்டருக்கு நிற்கும் ஐந்து கம்பெனிகளும் தங்கள் பனியனைப் போட்டுக்கொண்டு ஓட ஒரு ஆளை அழைத்துவர வேண்டும். ஓடி முடித்த உடம்பிலேயே பனியனைப் பார்த்து, போட்டவரைக் கேட்டு முடிவு செய்வார்கள். பாதியில் நின்றவரின் பனியன் கணக்கில் இல்லை.

துணியைப் பையரே அனுப்பினார். இரண்டு உருப்படிக்கு மட்டும் போதுமான துணி. ஒன்று லேபுக்கு, ஒன்று மலைக்கு. ஜனவரி 20 அன்று மாஸ்டர் அட்டை வெட்டினார். 24 அன்று இரண்டும் தைத்து முடிந்தன. போட்டுப் பார்த்தால் இரண்டுமே தொளதொளவென்று இருந்தன. அக்குளுக்குக் கீழே இரண்டு பக்கமும் உள்ளே பிடித்து இன்னொரு தையல் போட்டு இறுக்கினார் ஜெபராணி அக்கா. லேப் ரிப்போர்ட் வந்தது. எல்லாம் பாஸ். லேப் துணியைச் சோதிக்கும். தையல் அக்குளில் என்ன செய்யும் என்று சோதிக்காது.

முதலாளி கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி ஓட்டக்காரரைப் பிடித்திருந்தார். ஓடுகிற உடம்புதான் சொல்ல வேண்டும் என்று மாஸ்டர் இந்த ஒன்றை மட்டும் நாள் முழுக்கப் போட்டுப் பார்க்கவில்லை. பிப்ரவரி 8 அன்று அந்த இளைஞர் பனியனைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் மைதானத்தில் ஓடிவிட்டு, அதை ஒரு பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். “கைக்குள்ள பிளேடு வெச்ச மாதிரி அறுக்குது சார். இதைப் போட்டுட்டு என்னால மூணும் பண்ண முடியாது.”

மறுநாள் காலை சாம்பிள் மேஜையைச் சுற்றி நின்றோம். முதலாளி, மாஸ்டர், ஜெபராணி அக்கா, நான். மாஸ்டர் பனியனை உள்பக்கம் திருப்பி, அக்குள் தையலில் விரலை ஓட்டினார். பழைய தையல், அதன்மேல் புதுத் தையல், நடுவில் நான்கு மடிப்புத் துணி. செயற்கை நூல் முள்வேலி மாதிரி எழும்பி நின்றது. பிரித்துத் தைக்கலாமே என்றார் முதலாளி. பிரித்தால் பழைய ஊசித் துளை வரிசையாகத் தெரியும், இந்தத் துணியில் துளை மூடாது என்றது அக்கா. புதிதாக வெட்டத் துணி இல்லை. ஆறு நாளில் வெளிநாட்டிலிருந்து வரவும் வராது.

அப்புறம்தான் மாஸ்டர் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்து, டேப்பைப் பிடித்துக் காட்டினார்.

“சுருக்கத்துக்குன்னு விட்டுருக்கறனுங்க” என்றார். “இது சுருங்காத துணீங்க. எனக்குத் தெரியுமுங்க. கைக்குத் தெரியல.”

திருப்பூரில் பருத்திப் பனியனை வெட்டுகிற எவரும் சலவையில் சுருங்கும் என்று நூற்றுக்கு ஐந்தாறு கூட்டித்தான் வெட்டுவார்கள். யோசித்துச் செய்வதில்லை, சாக்பீஸ் தானாகவே அந்த இடத்துக்குப் போய்விடும். முப்பது வருடம் பருத்தி வெட்டிய கை, பையர் அனுப்பிய சுருங்காத துணிக்கும் அதையே கூட்டிவிட்டது. தொளதொளப்பு அதனால் வந்தது. இரண்டாம் தையல் அதனால் வந்தது. பிளேடும் அதனால்தான்.

முதலாளி திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெளியே மூன்றாவது லைனில் கடைசித் துண்டு வேலை ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தையே கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நான் போட்டுக்கறனுங்க” என்றார் மாஸ்டர்.

“போட்டு?”

“மலைக்குப் போறனுங்க. எனக்கு அளவு செரியா இருக்குதுங்க. நீச்சத் தெரியும், சைக்கிளுந் தெரியும்.”

“மாஸ்டர், உங்களுக்கு நாப்பத்தேளு வயசு. அது மலைங்க. பல்லடம் ரோடு இல்லீங்க.”

“வேற ஆரு போட்டாலும் களட்டிப் போட்டுருவாங்கொ. நான் களட்ட மாட்டனுங்க.”

ஜெபராணி அக்கா பனியனை மடித்துக்கொண்டே, “அண்ணே, செத்துக்கித்துப் போயிராதீக” என்றது. அதில் கிண்டலும் இருந்தது. ஆனால் சொல்லிவிட்டு அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆறு நாள் இருந்தது. நீந்த முக்கால் கிலோமீட்டர், சைக்கிள் இருபது, ஓட்டம் ஐந்து. மூன்று மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 11ஆம் தேதி மாலை மாஸ்டரின் ஊருக்கு நானும் போனேன். தோட்டத்துக் கிணற்றில் நீந்திக்கொண்டிருந்தார். கிணற்று நீச்சல் அது. தலை தண்ணீருக்கு மேலே, சுவரை ஒட்டி இடது பக்கமாக வட்டம். அவர் வாழ்நாளில் நேராக நீந்தியதே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நேராகப் போக அந்தக் கிணற்றில் இடம் ஏது? மேட்டில் நின்ற மச்சான் முறைக்காரர் ஒருவர், “ஏனுங் மாப்ள, எதாச்சும் தொலைச்சுப் போட்டீங்களா உள்ள?” என்று குரல் கொடுத்தார். மாஸ்டர் சுற்று எண்ணிக்கொண்டிருந்தார்.

அக்குளில் என்னென்னவோ செய்து பார்த்திருந்தார். பிளாஸ்திரி தண்ணீரில் கழன்றது. விளக்கெண்ணெய் துணியில் கறையாக இறங்கியது. கறையோடு கொண்டுபோய் நிறுத்த முடியாது. ஒத்திகைக்கு லேபிலிருந்து திரும்பிய பனியனைப் போட்டுக்கொண்டிருந்தார். அதிலும் அதே தையல்தான். கரையேறிக் கழற்றியபோது இரண்டு பக்கமும் சிவப்பாக ஒரு கோடு கிடந்தது. “அன்னிக்குத் தோல் தடிச்சுப் போயிரும் கண்ணு” என்றார். அவருக்கே நம்பிக்கை இல்லை என்பது குரலில் தெரிந்தது.

சனிக்கிழமை காலை கம்பெனி வேனில் கிளம்பினோம். இங்கிலீஷ் பேச ஆள் வேண்டும் என்று என்னையும் அனுப்பினார்கள். வேன்மேல் மாஸ்டரின் சைக்கிள் கட்டியிருந்தது. கியர் இல்லாத, கேரியர் வைத்த கறுப்புச் சைக்கிள். கேட்டைத் தாண்டும்போது மூன்றாவது லைன் ஆட்கள் வாசலில் நின்றிருந்தார்கள். வேலை முந்தின நாளோடு முடிந்துவிட்டது, ஆனாலும் வந்திருந்தார்கள். யாரும் கை காட்டவில்லை. ஜெபராணி அக்காவின் கொழுந்தன் மட்டும் வேனோடு கூடவே கொஞ்ச தூரம் நடந்து வந்தார்.

ஞாயிறு காலை ஏழு மணி. ஏரிமேல் மூடுபனி, சுற்றிலும் தேயிலைச் சரிவு. காலண்டரில் போடலாம் போல இருந்த இடம். மற்ற நான்கு கம்பெனிகளும் அழைத்து வந்தவர்கள் இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். போட்டிக்கென்று பெங்களூரிலிருந்து வந்தவர்கள் ரப்பர் உடை போட்டிருந்தார்கள். மாஸ்டர் கருநீலப் பனியனோடு, நெஞ்சில் நான்கு ஊக்கு குத்திய நம்பர் துணியோடு, கரையில் நடுங்கிக்கொண்டு நின்றார். அவர் நம்பர் 61.

விசில் அடித்ததும் எல்லோரும் நேராகப் போனார்கள். மாஸ்டர் இருபது கை போட்டதும் இடது பக்கம் திரும்பினார். படகில் இருந்தவர் கத்தி அவரை நேராக்கினார். மறுபடியும் திரும்பினார். ஒட்டிப்போக ஒரு சுவர் இல்லாமல் அவர் உடம்பு கிணற்றைத் தேடிக்கொண்டிருந்தது. மூன்றாம் முறை படகுக்காரர் படகையே அவருக்கு இடப்பக்கம் கொண்டுவந்து கூடவே ஓட்டினார். அதைச் சுவராக வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். உதடு நீலமாகியிருந்தது. கரையேறியவர் என்னைப் பார்க்கவில்லை; குனிந்து பனியனின் விளிம்பைப் பார்த்தார், சுருண்டிருக்கிறதா என்று.

சைக்கிளில் ஏற்றம் முழுக்கத் தள்ளிக்கொண்டே போனார். நான் எஸ்டேட் ஜீப்பில் பின்னால் போனேன். இறக்கத்தில் மட்டும் ஏறி உட்கார்ந்தார். ஹேண்டில்பாரைப் பிடித்தால் கை விலாவோடு சேரும்; சேராமலிருக்க முழங்கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு ஓட்டினார். மற்றவர்கள் ஓட்டத்தையே முடித்துவிட்டார்கள் என்று ஜீப் டிரைவர் சொன்னார். பாதியில் நின்றால் கணக்கில் இல்லை என்று நான் ஒருமுறை நினைத்தேன். அவருக்கு அதை நினைவுபடுத்த வேண்டியிருக்கவில்லை.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தபோது இரண்டு மணி நேரம் பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. தேயிலைக்கு நடுவில் மண் பாதை. இரண்டு கையையும் உடம்பிலிருந்து விலக்கி, இரண்டு பக்கமும் நிறைகுடம் தூக்கிக்கொண்டு போகிறவர் மாதிரி ஓடினார். ஓட்டம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். இரண்டு இடத்தில் நின்று வாந்தி எடுத்தார். தேயிலை பறிக்கிற பெண்கள் சிரித்தார்கள். பிறகு அவர்களே சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். குறுக்கு வழியாகப் போய் ஒரு திருப்பத்தில் நின்று, “போதுங்ணா, விட்டுருங்ணா” என்றேன். சத்தியமாக அதைத்தான் சொன்னேன். அவர் என்னைக் கடக்கும்போது, “ஆராச்சும் நிக்கறாங்களா அங்க?” என்று மட்டும் கேட்டார். கடைசித் திருப்பத்துக்கு அப்பால் பையரின் அம்மணி நிற்கிறார் என்றேன்.

அந்தத் திருப்பத்துக்கு முன்னால் ஒரு தண்ணீர் மேஜை. ஒரு பாட்டிலை எடுத்துத் தலையில், நெஞ்சில், குறிப்பாக இரண்டு விலாவிலும் ஊற்றிக்கொண்டார். திருப்பம் தாண்டியதும் விரித்த கைகளை இறக்கினார். டிவியில் ஓட்டக்காரர்கள் ஓடுவதுபோல முழங்கையை மடக்கி, விலாவோடு உரச உரச, முன்னும் பின்னும் வீசிக்கொண்டு அந்தக் கடைசி இருநூறு அடியை ஓடினார். முகத்தில் ஒன்றும் இல்லை. மூன்று மணி நேரக் கெடு முடிய நான்கு நிமிடம் இருந்தது.

பையரின் அம்மணி அவரைச் சுற்றி வந்தார். கழுத்தை இழுத்துப் பார்த்தார், விளிம்பைப் பார்த்தார், தையலை வெளியிலிருந்து தடவினார். ஒரு நூல் விடவில்லை. கருநீலம், அதிலும் ஈரம், வேறொன்றும் தெரியவில்லை. போட்டுக்கொள்ள எப்படி இருந்தது என்று அவரைக் கேட்கும்படி என்னிடம் சொன்னார்.

கேட்டேன். மாஸ்டர் என்னைப் பார்க்காமல், அந்த அம்மணியைப் பார்த்தே சொன்னார்.

“மறந்துருச்சுங்க.”

அதை நான் இங்கிலீஷில் சொன்னேன். போட்டிருந்ததையே உடம்பு மறந்துவிட்டதாம் என்று. அம்மணி சந்தோஷமாகச் சிரித்து அதை அப்படியே எழுதிக்கொண்டார். மாஸ்டர் கும்பிட்டார், முழங்கை இரண்டும் விலாவை விட்டு அசையவில்லை.

வேனுக்குள் பனியனைக் கழற்றத் தண்ணீர் விட்டு விட்டு இழுக்க வேண்டியிருந்தது. என்ன பார்த்தேன் என்று எழுதப் போவதில்லை. டைரியில் அன்று ‘இரண்டு பக்கமும்’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். நம்பர் துணியையும் நான்கு ஊக்கையும் என்னிடம் கொடுத்தார். பனியனை அவரே மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மேட்டுப்பாளையத்தில் டீக்கு நிறுத்தியபோது, “அவுங்களுக்கு நீ சொன்னது செரியாத்தான் சொன்னியா கண்ணு?” என்றார். ஆமாங்ணா என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

17ஆம் தேதி காலை பத்தரை மணிக்கு அப்ரூவல் மெயில் வந்தது. பிரின்ட் எடுத்து நான்தான் லைனுக்குக் கொண்டுபோனேன். காலி லைனில் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். யாரோ ஓடிப்போய் ரோட்டுக் கடையில் ஜிலேபி வாங்கி வந்தார்கள். ஜெபராணி அக்கா மாஸ்டரின் வாயிலேயே ஒன்றை வைத்து, “உங்க ஒடம்பு பட்டுத்தாண்ணே” என்றது. மாஸ்டர் அதை மென்று விழுங்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். அன்று மதியம் நான் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினேன்.

18ஆம் தேதிதான் பதிவேட்டில் அந்த வரி.

மார்ச் 2 அன்று பையரிடமிருந்து இன்னொரு மெயில். அக்குளுக்குக் கீழே இரண்டாம் தையல் இருக்கக் கூடாது. அளவைத் திருத்தி வெட்டி, ஒரே தட்டைத் தையலாக மாற்றிப் புது சாம்பிள் அனுப்ப வேண்டும். அது சரியாகும்வரை வேலை ஆரம்பிக்க வேண்டாம். ஆர்டர் ஆர்டராகவே இருக்கும். மலையில் யாரும் பனியனை உள்பக்கம் திருப்பிப் பார்க்கவில்லை; பிறகு இது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? சாம்பிள் அலமாரியில் தேடினேன். மலைக்குப் போன பனியன் இல்லை. லேபிலிருந்து திரும்பியது மட்டும் கிடந்தது. அலமாரிக்கு இரண்டு சாவி, ஒன்று மாஸ்டரிடம், ஒன்று ஜெபராணி அக்காவிடம்.

புதுத் துணி வந்து, வெட்டி, தைத்து, அனுப்பி, பதில் வர ஏப்ரல் ஆகிவிட்டது. அதுவரை வேலை இல்லை. மார்ச் 15 ஞாயிறு அன்று ஜெபராணி அக்கா வீட்டில் நான்கு பேரும் ஊருக்குக் கிளம்பினார்கள். அந்த வாரம் மூன்றாவது லைனிலிருந்து போனவர்கள் பத்தொன்பது பேர். முந்தின நாள் சொல்லிக்கொள்ளக் கம்பெனிக்கு வந்த அக்கா சாம்பிள் மேஜை அருகில் நின்று சொன்னது இது. மாஸ்டர் அங்கேதான் அட்டை வெட்டிக்கொண்டிருந்தார்.

“எவனோ ஒரு நல்ல மனுசன் செஞ்ச வேலைண்ணே இது. அவன் நல்லா இருக்கட்டும். எங்க பொழப்புதான் பஸ் ஏறுது.”

மாஸ்டரின் கத்திரிக்கோல் நின்றது. கழுத்து டேப்பை எடுத்து ஒருமுறை நீட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டார். அக்கா போனபிறகு, “பஸ்ஸு எத்தன மணிக்கு கண்ணு?” என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். அவர் வழியனுப்பப் போகவில்லை.

ஏப்ரலில் லைன் ஓடியது. பாதி இடங்களில் ஒடிசாவிலிருந்து வந்த புதுப் பையன்கள். அந்தப் பனியன் நல்ல பனியன் என்று எல்லோரும் சொன்னார்கள். மாஸ்டர் போட்டுப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு வந்த எதையும் அவர் போட்டுப் பார்க்கவில்லை. லேப் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினார். முதலாளி இரண்டு முறை, “மாஸ்டருக்கு மறந்துச்சா?” என்று கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். ஜூன் மாதம் ஒருநாள் நான் கேட்டேன், ஏனுங்ணா இப்பெல்லாம் போடறதில்லை என்று.

“எம்பட ஒடம்பு பொய் சொல்லிப் பளகிருச்சு கண்ணு” என்றார். “அதைய நம்பி இனி எப்படி அனுப்பறது?”

அந்தக் கவரைப் பற்றியும் அன்றே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால், மலையில் நான் சொன்ன இங்கிலீஷைப் பற்றியும் பேச வேண்டிவரும். அடுத்த வருடம் தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் வேலைக்குத் திரும்பவில்லை. சில வருடம் கழித்து இறந்த செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. அவர் வீட்டுக்குப் போய் அந்தக் கவரைப் பற்றிக் கேட்டேன். கம்பெனி விஷயம் எதுவும் வீட்டில் பேசமாட்டார் என்றார் அவர் மனைவி. ஜெபராணி அக்காவின் ஊர் முகவரிக்கு எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை.

கம்பெனி மூடியபோது பதிவேட்டை நான் எடுத்துவந்தேன். மேஜைத் தராசையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். லேபிலிருந்து திரும்பிய பனியன் என்னிடம் இருக்கிறது. அதே அளவு, அதே இரண்டு தையல். அதை அதே மாதிரி கவரில் போட்டு, அதே தராசில் வைத்தேன். நூற்று எண்பது கிராம். பதிவேட்டில் நூற்றுத் தொண்ணூறு. நம்பர் துணியும் ஊக்கும் என்னிடமே இருப்பதால் அவை அந்தக் கவரில் போயிருக்க முடியாது. பத்து கிராம் என்பது இரண்டு முழுத்தாளின் எடை. அந்தத் தராசு பத்துப் பத்தாகத்தான் காட்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆகவே கவரை வைத்தது யார், அதில் போனது அந்தப் பனியன்தானா, அதோடு எழுதிய தாள் ஏதாவது இருந்ததா என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.